வால்பாறை ஹோம்ஸ்டே: நாயோடு போகிறவர்களுக்கு

கோயம்புத்தூர் வெயிலில் எங்கள் நாய் மணி தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே சுருண்டு கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், மே மாதம் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு ஹோம்ஸ்டேவுக்குப் போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. காலையில் சோறு வைக்காமல் கூட்டிப்போனதால் வாந்தி இல்லை. ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும், அதனால் அங்கே அவனை இறக்கவில்லை.

போனில் "நாய் ரூமுக்குள்ளேயே இருக்கலாமுங்க" என்றவர்கள், போனதும் திண்ணையில் கட்டச் சொன்னார்கள். சிறுத்தை நடமாடுகிற ஊரில் ராத்திரி நாயை வெளியில் கட்டுவதா? அரை மணி நேரம் பேசித்தான் உள்ளே விட்டார்கள். இது பெரிய தப்பு, இதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

ஆனால் சமையல் பார்த்த அக்கா தங்கமானவர். மணிக்கென்று உப்பு, காரம் இல்லாமல் கோழியும் சோறும் தனியாக வேகவைத்து, ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வைத்தார். மறுநாள் மணியின் கால் விரலிடுக்கில் அட்டை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

அறை சுத்தம், வெந்நீர் உண்டு. நாய் உள்ளேதான் படுக்கும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.