மேய்ப்புப்பணி கவுன்சலிங்கா, சைக்காலஜி கவுன்சலிங்கா?

இறையியல் முடித்து முதுகலைக்குப் போகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் திணறுகிறார்கள். நான் எடுத்தது மேய்ப்புப்பணி கவுன்சலிங், அதாவது போதகராக நின்று விசுவாசத்தோடு சேர்த்துச் செய்யும் ஆலோசனைப் பணி. அதனால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வகுப்புப் பாடத்தில் பாதி ஒன்றுதான். ஆளுமைக் கோட்பாடு, குடும்பச் சிக்கல், தொழில் நெறி எல்லாம் இரண்டிலும் உண்டு. காது கொடுத்துக் கேட்பதற்கு இருவருமே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸிடம்தான் போவார்கள். அவரே இறையியல் கல்லூரியில் சேர்ந்து, பிறகு உளவியலுக்குத் தாவியவர்! உரிமம் வாங்கித் தனியாக கவுன்சலிங் அறை திறக்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சைக்காலஜிதான்.

ஆஸ்பத்திரியிலோ சபையிலோ பணி செய்யப் போகிறவருக்கு, முடிவு செய்ய வேண்டியது களப்பயிற்சியை வைத்துத்தான். சி.பி.இ. (Clinical Pastoral Education) என்று சொல்லப்படும், நோயாளிகளோடு பழகிக் கற்கும் மேய்ப்புப்பணிப் பயிற்சிக்கு வேர் 1925-இல், அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில். அங்கே இறையியல் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துப் போன ஆண்டன் பாய்சன், முன்பு மனநோயாளியாகவே மருத்துவமனையில் இருந்தவர். இன்று அமெரிக்க முறையில் சி.பி.இ.யின் ஒரு யூனிட் என்பது குறைந்தது 400 மணி நேரம். சான்று பெற்ற சாப்ளின் (மருத்துவமனை, சிறை, ராணுவம் போன்ற இடங்களில் ஆன்மிகத் துணையாக இருப்பவர்) ஆக நான்கு யூனிட் கேட்கிறார்கள். சைக்காலஜி பக்கமும் சும்மா இல்லை. அங்கே கேக்ரெப் (கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரமுள்ள படிப்புகளில் பிராக்டிகம் என்ற முதல்கட்டக் களப்பயிற்சி 100 மணி, அடுத்து வரும் இன்டர்ன்ஷிப் 600 மணி.

ஆனால் மணிக்கணக்கைவிட, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். கவுன்சலிங் அறைக்கு ஆள் தேடி வருவார். சாப்ளினோ, யாரும் கூப்பிடாமலே கட்டில் ஓரம் போய் நிற்பவர். "இப்ப வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் நோயாளிக்கு உரிமை உண்டு. சி.பி.இ. மாணவர் நோயாளியிடம் பேசியதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, பயிற்சிக் குழுவின் முன் வைக்க வேண்டும். இதற்கு வெர்பேட்டிம் என்று பெயர். "கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டாரு ஐயா" என்று நோயாளி சொன்னதும், மாணவர் 23-ஆம் சங்கீதத்தை வாசித்திருப்பார். மேற்பார்வையாளர் கேட்பார்: "அந்தச் சங்கீதம் யாருக்குத் தேவைப்பட்டது? அவருக்கா, உங்களுக்கா?" சைக்காலஜி மேற்பார்வையிலும் உங்கள் பதற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் ஜெபத்துக்குள் அந்தப் பதற்றம் ஒளிந்திருப்பதைத் தேடும் பழக்கம் மேய்ப்புப்பணிப் பயிற்சியில்தான் அதிகம்.

அதற்காகப் பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. மருத்துவமனைத் தொடர்போ முறையான மேற்பார்வையாளரோ இல்லாத மேய்ப்புப்பணிப் படிப்பு, பிரசங்க வகுப்புக்கு இன்னொரு பெயர். அதற்கு நல்ல சைக்காலஜி படிப்பே மேல். சேரும் முன் துறையில் கேளுங்கள்: மேற்பார்வையாளர் யார், அவர் எங்கே பயிற்சி பெற்றார், ஒரு பருவத்தில் எத்தனை வெர்பேட்டிம்?

சபைப் போதகர்களுக்கு இன்னொரு சிக்கல். செவ்வாய்க்கிழமை அழுதவர் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். எல்லை வகுப்பதை இரண்டு படிப்பும் சொல்லிக் கொடுக்கும். இதில் சைக்காலஜியின் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

சிறப்புப் பணிகளில் மருத்துவமனையைப் பற்றித்தான் தைரியமாகப் பேசுவேன். சிறைப்பணிக்கு எட்டிப் பார்த்ததோடு சரி, ராணுவச் சாப்ளின் பணி அனுபவமே கிடையாது. அந்த இரண்டில் ஒன்றுக்குப் போகிறவர்கள், அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.