1957, பக்ஸ் கவுண்டி: கறுப்பினக் குடும்பம் குடியேற எந்தக் குடியிருப்பு மேல், லெவிட்டவுனா, கான்கார்ட் பார்க்கா?

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் பக்ஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) லெவிட்டவுன் 17,311 வீடுகள் கொண்ட பிரம்மாண்டத் திட்டம். கட்டியவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே விற்றார்கள். 1957 ஆகஸ்டில் வில்லியம், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி, முந்தைய உரிமையாளரிடம் வீடு வாங்கிக் குழந்தைகளோடு குடியேறினார்கள். அன்று இரவே கூட்டம் கூடியது. முன்பக்கத்துப் பெரிய சன்னல் கல்லடியில் உடைந்தது. ஆதரவாக நின்ற பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தின் சுவரில் 'கே.கே.கே.' (கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் சுருக்கம்) என்று எழுதினார்கள். மாநிலப் போலீசும் நீதிமன்றத் தடையாணையும் தேவைப்பட்டன. மையர்ஸ் குடும்பம் அசையவில்லை.

அதே கவுண்டியின் ட்ரெவோஸில் இருந்த கான்கார்ட் பார்க்கில் 139 வீடுகள்தான். இரு இனத்தாரும் சேர்ந்து வாழவே மாரிஸ் மில்கிராம் என்ற கட்டுமானத் தொழிலதிபர் கட்டியது. அதனாலேயே அவருக்குக் கடன் கிடைப்பதே பெரும்பாடு. வெள்ளையர் 55, கறுப்பினத்தவர் 45 சதவீதம் என்று அவர் வைத்த வரம்பு எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் என் தேர்வு கான்கார்ட் பார்க்தான்; அங்கே கறுப்பினக் குடும்பம் குடிபுகப் போலீஸ் காவல் தேவைப்படவில்லை.