பழைய கிராமத்து வீடு: பெயர்த்து வைப்பதா, காட்சிக்கு வைப்பதா, குடியிருப்பதா?

ஒரு பழைய கிராமத்து வீட்டை இடிக்க வேண்டாம் என்று முடிவெடுப்பது சுலபம். அப்புறம் அதை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலும் மூன்று வழிகள் பேசப்படும்.

முதல் வழி, வீட்டைக் கழற்றி வேறிடத்தில் நிறுத்துவது. 1891இல் ஆர்தர் ஹசேலியுஸ் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் இதற்கு முன்னோடி. 1996இல் சென்னை அருகே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் பல வீடுகள் இப்படிப் பெயர்த்து எழுப்பப்பட்டவையே. தூண், உத்தரம், நிலை என ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பிரித்துக் கோத்துவிடலாம் என்பதால் மரவீட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். மண்சுவரை அப்படிக் கழற்ற முடியாது; புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். கிணறு, மரநிழல், எந்தக் காற்றுக்காக எந்தப் பக்கம் வாசல் வைத்தார்கள் என்ற காரணம் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், கட்டடத்தைக் காப்பாற்ற அதுவே தேவையானாலோ, மிக முக்கியமான தேசிய அல்லது சர்வதேச நலன் இருந்தாலோதான் இடம் மாற்றலாம் என்கிறது. அணை நீரில் மூழ்கப்போகும் வீடு என்றால், சரி, பெயர்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, இருந்த இடத்திலேயே காட்சிக்கு வைப்பது. இங்கிலாந்தின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கிய முதல் கட்டடம், ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில் இருக்கும் 14ஆம் நூற்றாண்டுக் கூரைவீடு. இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். நிலையான நிதியும் ஆளும் உள்ள அமைப்புக்கு இது சரிப்படும். அது இல்லாத இடத்தில் பூட்டுதான் தொங்கும். பூட்டிய வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தால் பார்க்க ஆள் இல்லை. ஒரு மழைக்காலம் போதும், உத்தரத்தின் முனை ஊறி, கரையானும் சேர்ந்துவிடும்.

என் மனம் மூன்றாவது வழியில்தான் நிற்கிறது: ஆட்கள் வாழட்டும். ஒழுகினால் அன்றே தெரியும். ஜன்னல் திறந்து மூடப்படும், காற்று ஓடும். விறகடுப்பு எரிகிற வீட்டில் புகைக்குப் பயந்து பூச்சிகூடக் கூரையை அவ்வளவாக அண்டாது. உரிமையாளரால் குடியிருக்க முடியாவிட்டால் தங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம். பிரிட்டனில் 1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட் இப்படித்தான் பழைய கட்டடங்களை மீட்டு, வாடகையில் பராமரிக்கிறது.

இதிலும் ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். வசதி என்ற பெயரில் வீட்டையே அழித்துவிடுவார்கள். குறிப்பாக சிமெண்ட். மண்சுவரும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுபவை. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு பளபளவென்று இருக்கும்போதே சுவர் உள்ளுக்குள் உதிரத் தொடங்கும். எத்தனையோ நல்ல சுவர்கள் அக்கறையோடு செய்த பழுதுபார்ப்பாலேயே போயிருக்கின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அதனால் குடியிருக்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். குளியலறையையும் கழிப்பறையையும் பழைய சுவரை ஒட்டாமல் தனியாகக் கட்டுங்கள். பூச்சு வேலை சுண்ணாம்பிலேயே நடக்கட்டும். எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் அளந்து, படமெடுத்து வையுங்கள்.