பழைய பாட்டுக்கு எது: எப்எம் பெட்டியா, போன் ஆப்பா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ரேடியோவைத் திருப்பினால் நம் நிலையங்களோடு இலங்கைத் தமிழ் எப்எம்களும் வரும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் மலையும் இல்லை, மாடிக் கட்டடமும் இல்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு மதுரைக்காரர் சொல்லும் பதில் நமக்குப் பொருந்தாது. பாட்டு ஆப்புக்குக் கட்டிவந்த சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. சின்ன எப்எம் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன்.

ஆப்பில் கேட்ட பாட்டு உடனே வரும், ஒலி சுத்தமாக இருக்கும், பணம் கட்டினால் விளம்பரம் கிடையாது. ரேடியோவில் விளம்பரமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னை ரேடியோ பக்கம் இழுத்தது அறிவிப்பாளர். படம் எது, பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யாருடையது என்று நாலையும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுகிற வழக்கம் இலங்கை வானொலியில் ஊறியது. 1950களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, அந்த இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல்களை இந்தக் கரையில் வீட்டு மனிதர்களின் குரல்போல அடையாளம் சொல்வார்கள். இன்றைய எப்எம்களிலும் இரவு நேரப் பழைய பாட்டு நிகழ்ச்சிகளில் அந்த வழக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஆப்பில் பாடகர் பெயர் பளிச்சென்று தெரியும். எழுதியவர் பெயருக்கு உள்ளே போய்த் தேட வேண்டும், பல பாட்டுகளுக்குத் தேடினாலும் கிடைக்காது. வாலி எழுதியதைக் கண்ணதாசன் எழுதியது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னொன்று எனக்கு மனசு கேட்காத விஷயம். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை சேர்ந்தே இசையமைத்தார்கள். அதற்கு முந்தைய பாட்டுகளையும் விஸ்வநாதன் பெயரில் மட்டும் தொகுத்துப் போட்டால், கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ராமமூர்த்தி என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் போகும். நல்ல அறிவிப்பாளர் இரண்டு பெயரையும் விடாமல் சொல்வார். எல்லோரும் அப்படி இல்லை. முன்னிசை ஓடும்போதே பேசுகிறவர்களும் உண்டு. இளையராஜா பாட்டில் அதைச் செய்தால் எனக்குக் கோபமே வரும். அவருக்கு முன்னிசையே பாதிப் பாட்டு.

கடலுக்குப் போகிறவர்களுக்கு யோசனையே தேவையில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போன் டவர் போய்விடும், ரேடியோ கூடவே வரும். பாம்பனில் மீனவர்களுக்கென்றே இயங்கும் கடல் ஓசை 90.4 காற்று, அலை நிலவரமும் சொல்கிறது. அது சமுதாய வானொலி, எட்டும் தூரம் குறைவு.

இலங்கை நிலையங்கள் எல்லா நாளும் ஒரே மாதிரி வராது. கடல்மேல் குளிர்ந்த ஈரக் காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கிற இரவுகளில் ரேடியோ அலை வளைந்து வெகுதூரம் வரும், தூரத்து நிலையமும் பக்கத்து வீட்டில் பாடுவதுபோலக் கேட்கும். காற்று கலைந்துவிட்டால் இரைச்சல்தான். பெட்டிக்கு எதிரி உப்புக்காற்று. பேட்டரி தொடும் தகடு பச்சை பூத்துவிடும், ஆன்டெனாக் கம்பியின் மூட்டு இறுகிவிடும். கேட்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கம்பியை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

நான் சொன்னது தீவுப் பக்கத்து அனுபவம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்கள் யாரிடமாவது பெட்டியை இரவல் வாங்கி, ராத்திரியில் வீட்டு மாடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். போனிலேயே எப்எம் இருக்கிறதே என்றால், இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. ஒயர் குத்தும் துளையே இல்லாத புது போன்களில் அது நடக்காது. அப்புறம், இந்த வாரம் வந்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிற ஆள் நீங்கள் என்றால் ஆப்பே போதும்.