60-ஐ 80 ஆக்கிப் பாருங்கள்: நான்கு இலவச கேட் மென்பொருள்கள்

கணினியில் பொருள்களை வரைந்து வடிவமைக்கும் 'கேட்' (CAD) கற்க எந்த இலவச மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் ஒரு தகடு வரையச் சொல்வேன். 60 மி.மீ. நீளம், 40 அகலம், 5 தடிமன். ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, இரு முனைகளிலும் 5 மி.மீ. துளை ஒவ்வொன்று. மூலைகள் சற்றே வளைந்திருக்க வேண்டும். வரைந்து முடித்ததும் நீளத்தை 80 ஆக்க வேண்டும். வரைவதை எந்த மென்பொருளிலும் ஒப்பேற்றிவிடலாம். மாற்றும்போதுதான் அதன் குணம் தெரியும்.

லிப்ரேகேட் இதில் நேரடியாகவே தோற்கும். அது இருபரிமாணத்துக்கு மட்டும்; கியூகேட் மென்பொருளின் சமூகப் பதிப்பிலிருந்து கிளைத்தது. கோட்டுக்கும் அளவுக்கும் அதில் உறவு கிடையாது. 80 வேண்டுமானால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட்டு வரைய வேண்டும். ஆனால் தகட்டை லேசரில் வெட்டத்தான் போகிறீர்கள் என்றால் கோட்டு வரைபடத்தைச் சேமிக்கும் டிஎக்ஸ்எஃப் (DXF) கோப்பு ஒன்று போதும். அதற்காக முப்பரிமாணம் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் வேலை.

ஓப்பன்ஸ்கேட் வேறு ரகம். இதில் மவுஸால் வரைவதில்லை, எழுதுகிறோம். ஒரு பெட்டியை எழுதி, அதிலிருந்து இரண்டு உருளைகளைக் கழித்தால் துளையுள்ள தகடு. நிரல் எழுதிப் பழகியவருக்கு அரை மணி நேரத்தில் பிடிபடும், மற்றவருக்கு எரிச்சல் வரும். நீளத்துக்கு ஒரு பெயர் வைத்து, துளையின் இடத்தையும் அந்தப் பெயரிலிருந்தே கணக்கிட்டிருந்தால், ஒரே வரியை மாற்றினால் துளையும் கூடவே நகரும். வெறும் எண்ணாக எழுதியிருந்தால் தகடு நீளும், துளை பழைய இடத்திலேயே நிற்கும். அது உங்கள் தப்பு, மென்பொருளின் தப்பு அல்ல.

இதில் நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. ஓப்பன்ஸ்கேட் வட்டத்தை வட்டமாக வைத்திருக்காது, பல பக்கங்களாக உடைத்துவிடும். எதையும் மாற்றாமல் விட்டால் 5 மி.மீ. துளைக்குக் கிடைப்பது 8 பக்கங்கள்தான். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே அளந்தால் சுமார் 4.62 மி.மீ. பிரிண்ட் எடுத்த பிறகு ஆணி உள்ளே போகாமல் நிற்க, நான் பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்க எண்ணிக்கையை 64 என்று எழுதியதும் சரியாகிவிட்டது. இன்னொன்று: உருவத்தின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களாகச் சேமிக்கும் எஸ்டிஎல் (STL) கோப்பு தரும், வளைவுகளை வளைவுகளாகவே வைத்திருக்கும் ஸ்டெப் (STEP) கோப்பு தராது. 3டி பிரிண்டருக்கு எஸ்டிஎல் போதும். இயந்திரப் பட்டறையில் ஸ்டெப் கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

சால்வ்ஸ்பேஸ் பலர் கண்ணில் படாத சின்னப் பொருள். விண்டோஸில் ஒரே கோப்பு, நிறுவும் வேலைகூட இல்லை. இந்தக் கோடு கிடையாக இருக்கட்டும், இந்த இரண்டும் சமமாக இருக்கட்டும் என்று நிபந்தனைகள் போட்டு வரைவதைப் பழக இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியாது. 60 என்ற எண்ணின் மேல் இருமுறை தட்டி 80 என்று அடித்தால் வேலை முடிந்தது. ஸ்டெப் கோப்பும் தரும். குறை எங்கே என்றால், முப்பரிமாண உருவத்தின் விளிம்பை நேரடியாக உருட்ட வழியில்லை. நம் தகட்டின் மூலையை வரைபடத்திலேயே வளைத்துவிடலாம்; மேல் விளிம்பையும் மழுங்கடிக்க ஆசைப்பட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் ஃப்ரீகேட். 2002 முதல் வளர்ந்து வருவது, 1.0 பதிப்பைத் தொட்டதே 2024 நவம்பரில்தான். திறந்தவுடன் ஒரு டஜனுக்கும் மேலான 'வொர்க்பெஞ்ச்'கள் (ஒவ்வொரு வகை வேலைக்குமான கருவித் தொகுப்புகள்) வரிசை கட்டி நின்று மிரட்டும். தொடக்கத்தில் தட்டையாக வரைவதற்கான ஸ்கெட்ச்சர், அதை முப்பரிமாணமாக்கும் பார்ட் டிசைன் இரண்டை மட்டும் தொடுங்கள். வெறும் 'பார்ட்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அதற்குள் போய்விடாதீர்கள், அதன் போக்கே வேறு. ஸ்கெட்ச்சில் செவ்வகம் போட்டு, அளவும் நிபந்தனையும் கொடுத்துக்கொண்டே வந்தால், எதுவும் அசைய முடியாத நிலையில் கோடுகள் பச்சையாகும். பச்சை வராமல் மேலே போகாதீர்கள். அதை 5 மி.மீ. உயர்த்தினால் தகடு ரெடி.

80 ஆக்கும் சோதனையில் பழைய ஃப்ரீகேட்டுக்குக் கெட்ட பெயர் உண்டு. உருவம் மாறும்போது விளிம்புகளின் உள் எண்களும் மாறிவிடும். ஒரு மூலைக்குப் போட்ட வளைவு வேறு மூலைக்குத் தாவும், அல்லது பிழை காட்டி நிற்கும். 1.0-இல் இது பெருமளவு சரிசெய்யப்பட்டுவிட்டது, பாகங்களைப் பூட்டிப் பார்க்கும் அசெம்ப்ளி வசதியும் கூடவே வந்தது. அதனால் பாடம் பார்ப்பதாக இருந்தால் 1.0-க்குப் பிந்தையதாகத் தேடுங்கள். பழைய வீடியோவில் சொல்லும் சுற்றுவழிகளில் பலவும் இன்று தேவையில்லை, மெனுக்களும் இடம் மாறியிருக்கும்.

எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் ஃப்ரீகேட்தான். ஆனால் முதல் இரண்டு நாளைக்குச் சால்வ்ஸ்பேஸில் நிபந்தனைகளோடு மல்லுக்கட்டிவிட்டு அங்கே போவேன். நிரல் எழுதுபவராக இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஓப்பன்ஸ்கேட்டில் இறங்குங்கள். வட்டத்தின் பக்க எண்ணிக்கையை மட்டும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.