அம்மாவுக்குப் பொது அற்றோணியா, விசேட அற்றோணியா?

வன்னியில் வயதான தாய் தந்தையின் அலுவல்களைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு "பொது அற்றோணி ஒன்றை எழுதிவிடுங்கோ, எல்லாம் முடியும்" என்றுதான் முதலில் சொல்லுவார்கள். அற்றோணி என்பது ஒருவர் தன் அலுவல்களைப் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். வங்கி, காணி, வழக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பத்திரம் போதும் என்பது உண்மைதான். ஆனால் அதே பத்திரத்தில் வீட்டை விற்கும் அதிகாரமும் போகலாம். ஒரு வளவும் மாதக் கொடுப்பனவும் மட்டுமே உள்ள தாய்க்கு அது மிகப் பெரிய ஆபத்து.

விசேட அற்றோணியில் இந்தக் கணக்கு, இந்த வழக்கு என்று பெயர் சொல்லி எழுதலாம். வேறொரு தேவை வந்தால் இன்னொன்று எழுத வேண்டும், நொத்தாரிசுக்கு மறுபடியும் செலவு. அப்படியிருந்தும் நான் இதைத்தான் சொல்வேன். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணைக்குழு வறியவர்களுக்காகவே இருக்கிறது.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்கு இரண்டுமே போதாது. தாய்க்குப் பிறகு அந்தக் காணி யாருக்கு என்பதை, அதாவது பின்னுரித்தாளரை, பிரதேச செயலகத்தில்தான் பதிய வேண்டும்.

எதை எழுதினாலும் தாய் விளங்கி ஒப்பமிடக்கூடிய காலத்திலேயே எழுதுங்கள். நினைவு தடுமாறிய பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டிவரும். அவர் இறந்தால் இரண்டு பத்திரங்களும் அன்றோடு செல்லாது.