லாட்ஜ் வைஃபைக்கு ஓமாடா ஓசி200: கன்னியாகுமரியில் பயன்படுத்திப் பார்த்தது

பல வைஃபை பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் டிபி-லிங்க் கம்பெனியின் ஓமாடா ஓசி200 கன்ட்ரோலரை வாங்கலாமா என்று கேட்டால், இரண்டு மூன்று மாடி லாட்ஜ் நடத்துபவர்கள் தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் நெட் வேகம் கூடும் என்று எதிர்பார்த்து வாங்கக் கூடாது. அது வேறு கணக்கு.

கன்னியாகுமரியில் எங்கள் குடும்பத்து லாட்ஜின் கணக்கு, புக்கிங், நெட் மூன்றும் என் பொறுப்பு. மூன்று மாடி, சூரிய உதயம் பார்க்க ஒரு மொட்டை மாடி, பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய ஹால். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார், அதை ஒட்டி ஸ்கூல் டூர், ஓணம் லீவுக்குக் கேரளக் குடும்பங்கள். எல்லோரும் சாவி வாங்கும்போதே வைஃபை பாஸ்வேர்டையும் கேட்டுவிடுகிறார்கள். முன்பு மாடிக்கு ஒரு ரௌட்டர், மாடிக்கு ஒரு வைஃபை பெயர். பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உள்ளே போக வேண்டும். அதனாலேயே யாரும் மாற்றுவதில்லை. அந்தப் பாஸ்வேர்டு தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது தாழ்வாரத்துக் கூரைகளில் இஏபி225 என்ற ஏபிகள் (வைஃபை சிக்னலைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டிகள்), மொட்டை மாடியில் அதன் அவுட்டோர் மாடல், எல்லாவற்றுக்கும் தலைமையாக இந்த ஓசி200. கையடக்கப் பெட்டிதான். 100 கருவிகள் வரை கவனித்துக்கொள்ளும். ஏபியை நெட்வொர்க் ஸ்விட்சில் (நெட் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) செருகியதும் கன்ட்ரோலர் திரையில் ‘பெண்டிங்’ என்று வந்து நிற்கும். ‘அடாப்ட்’ என்று ஒரு தட்டு தட்டினால், பெயர், பாஸ்வேர்டு, வேக வரம்பு எல்லாம் தானாக அதற்குள் இறங்கிவிடும். வருஷச் சந்தா, லைசன்ஸ் கட்டணம் என்று எதுவும் கிடையாது. வாங்கும்போது கொடுக்கிற காசோடு முடிந்தது. எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு இது பெரிய விஷயம்.

பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஓசி200ல் உள்ள இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ்தான். “இதை வைத்தால் நம்ம ஃபைபர் வேகம் குறைந்துவிடாதா?” என்று பக்கத்து லாட்ஜ்காரர் கேட்டார். குறையாது. விருந்தினர் பார்க்கும் வீடியோ எதுவும் கன்ட்ரோலர் வழியாகப் போவதில்லை. அது ஏபியிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து ரௌட்டர் என்று நேராகப் போய்விடும். கன்ட்ரோலர் கட்டளை கொடுக்கும், கணக்கு வாங்கும், அவ்வளவுதான். ரௌட்டரும் ஓமாடாவாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எங்களுடையது வேறு கம்பெனி. டாஷ்போர்டில் ரௌட்டருக்கான கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வவுச்சர். எங்கள் ரிசப்ஷனில் அதற்கு டோக்கன் என்று பெயர். ஒரு ஷீட்டில் வரிசையாக எண்களை அச்சடித்து, கத்தரித்து, சாவியோடு கொடுக்கிறோம். விருந்தினர் எங்கள் வைஃபையைத் தொட்டதும் லாட்ஜ் பெயரோடு ஒரு பக்கம் திறக்கும். எண்ணைப் போட்டால் நெட் வரும். ஒரு டோக்கனில் ஒரே நேரத்தில் எத்தனை போன், ஆளுக்கு எத்தனை எம்பிபிஎஸ் என்பதை நாமே வைக்கலாம். நேரக் கணக்கை மட்டும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். போனுக்குப் போன் தனியாக ஓடும் கணக்கு ஒன்று, டோக்கனை முதலில் பயன்படுத்திய நொடியிலிருந்து மொத்தமாக ஓடும் கணக்கு இன்னொன்று. 24 மணி நேர செக்அவுட் உள்ள நம் ஊர் லாட்ஜுக்கு இரண்டாவதுதான் சரி. குடும்பத்தில் அப்பா காலையிலும் பிள்ளைகள் சாயங்காலமும் சேர்ந்தாலும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியும்.

ரிசப்ஷனில் இருக்கும் தம்பிக்கு ‘ஆபரேட்டர்’ என்று தனி லாகின் கொடுத்திருக்கிறேன். டோக்கன் போடலாம், யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், செட்டிங்கைத் தொட முடியாது. இரவு ஷிஃப்டில் ஆள் மாறினாலும் நான் நிம்மதியாகத் தூங்குவது இதனால்தான். ஏபிகளின் நிலையை என் லாகினில் பார்த்து, “தம்பி, மூணாவது மாடி பெட்டி ஹார்ட்பீட் மிஸ்டுன்னு காட்டுது, போய்ப் பாரு” என்று நானே அவனுக்குப் போன் செய்கிறேன். ஏபி கன்ட்ரோலரோடு பேசுவதை நிறுத்தினால் அப்படித்தான் காட்டும். விருந்தினர் குறை சொல்ல இறங்கி வருமுன் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த மூன்றாவது மாடிப் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஏபி அடிக்கடி அணைந்து எழுந்தது. பெட்டியில் கோளாறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் கேபிள் நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசிய கேபிள் அது. முன்பு வயரிங் செய்தவர் முழுச் செம்புக்கான காசை வாங்கிக்கொண்டு இதைப் போட்டிருக்கிறார். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். நெட்டும் கரண்டும் ஒரே கேபிளில் போகிற பிஓஇ முறையில், தூரம் கூடக் கூட வோல்டேஜ் விழும், பெட்டி அணையும். கேபிளை மாற்றியதும் அந்த ஏபி ஒழுங்காகிவிட்டது. அதனால் கன்ட்ரோலர் வாங்கும் முன் கேபிளைச் சுரண்டிப் பாருங்கள். ஸ்விட்ச் வாங்கும்போதும் அதன் மொத்த வாட் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்று எழுதியிருக்கும். எட்டுப் போர்ட்டுக்கும் சேர்த்து அவ்வளவும் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது.

அலைவரிசை விஷயத்தில் கன்ட்ரோலர் இல்லாமல் நான் திணறியிருப்பேன். கோயிலைச் சுற்றி லாட்ஜுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். மாடிக்கு ஒன்றாக அவற்றைப் பிரித்து வைத்தேன், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். ஏபியின் சிக்னல் சக்தியை ‘ஹை’யிலிருந்து இறக்கினேன். ஏபி எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் போன் திரும்பப் பேசுவது மெல்லத்தான். அதனால் சக்தியைக் கூட்டி வைத்தால் போனில் சிக்னல் முழுதாகக் காட்டும், நெட் மட்டும் நகராது. தானாகச் சேனல் தேடித்தரும் வசதியும் உண்டு. அது ஓடும்போது விருந்தினர் இணைப்பு அறுபடும் என்பதால் ஆள் குறைந்த நேரத்தில்தான் ஓட்ட வேண்டும்.

ரிசப்ஷனில் இணைந்த போன் மூன்றாவது மாடிக்குப் போன பிறகும் கீழே உள்ள ஏபியையே பிடித்துக்கொண்டு தொங்குவது இன்னொரு தலைவலி. ஒரு ஏபியிலிருந்து இன்னொன்றுக்குப் போன் சட்டென்று மாற உதவும் ஃபாஸ்ட் ரோமிங்கை ஆன் செய்து, சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் இணைப்பை விடச் சொல்லும் வரம்பையும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வரம்பை ரொம்ப இறுக்கினால் கடைசி அறைக்காரர்களுக்கு நெட்டே நிற்காது.

மொட்டை மாடி தனிக் கதை. விடியுமுன்பே அத்தனை பேரும் மேலே ஏறிவிடுவார்கள். சூரியன் கடலிலிருந்து எழும்பும் அந்தச் சில நிமிடங்களில் எல்லோர் கையிலும் வீடியோ கால். ஆளுக்கு இவ்வளவு என்று வேக வரம்பு வைத்திருப்பதால்தான் அந்த நேரத்தை ஓட்ட முடிகிறது. அவுட்டோர் ஏபிக்கு ஐபி65 பாதுகாப்பு உண்டு, மழைக்குப் பயமில்லை. நம் கடற்கரையின் உப்புக்காற்று வேறு. பெட்டியை விடக் கிளாம்பும் போல்ட்டும்தான் முதலில் துருப்பிடிக்கும். எவர்சில்வர் போல்ட் போடுங்கள், கேபிள் நுழையும் இடத்தை நன்றாக அடையுங்கள்.

கன்ட்ரோலர் அணைந்தால் ஏபிகள் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆனால் டோக்கன் பக்கம் வராது, புதிதாக வருகிறவர்கள் உள்ளே போக முடியாது. ஆகவே ஓசி200, ஸ்விட்ச், ரௌட்டர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருந்தே ஆக வேண்டும். ஐப்பசி இடிமழையில் சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் இது. பெட்டியோடு பவர் அடாப்டர் வராது, பிஓஇ ஸ்விட்சிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். அதிலுள்ள யுஎஸ்பி போர்ட்டில் ஒரு பென்டிரைவ் செருகி ஆட்டோ பேக்கப்பை ஆன் செய்துவிடுங்கள். பெட்டி இடியில் போனாலும் செட்டிங் எல்லாம் பென்டிரைவில் பத்திரமாக இருக்கும்.

இரண்டே ஏபி உள்ள ஹோம்ஸ்டேக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. இதே ஓமாடா மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. டோக்கன் வேண்டுமென்றால் அந்தக் கணினி இரவும் பகலும் ஓட வேண்டியிருக்கும். டோக்கன் வேண்டாம், ஒரு பாஸ்வேர்டு போதும் என்பவர்கள் ஏபிகளைத் தனித்தனியாகவே செட் செய்து வைத்துக்கொள்ளலாம்.